வசதியான குடும்பம் என்று ஒரு சான்று

உயர்கல்விக்கு ஆகும் செலவை யார் ஏற்க வேண்டும் என்ற பொருளில் நான் பலமுறை மேடையேறிப் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கருத்து உறுதியாக இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் வேறொரு கருத்தாக இருந்தது. திருச்சியில் கல்லூரி மாணவனாக இருந்தபோது, அரசாங்கமே ஏற்க வேண்டும் என்று மேசையைத் தட்டினேன். அதே ஊரில் விரிவுரையாளனாகிச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு, பயன்பெறும் குடும்பமே ஏற்க வேண்டும் என்று அதே கையால் தட்டினேன். இரண்டு முறையும் கைதட்டல் கிடைத்தது. என்னுடைய கட்டணத்தை உண்மையில் ஏற்றவர் யார் என்பதை மட்டும் நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் பிற்பாதியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியிலிருந்த ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், எனக்கு நான்கு வயது இளையவளான தங்கை. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் மாட்டுக் கொட்டிலைப் பார்த்தது. அப்பா திருச்சியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீலுக்குக் கட்சிக்காரர் வந்தால் அப்பாவுக்குச் சம்பளம் வரும். வராவிட்டால் வக்கீலின் அன்பு வரும்.

நான் பி.ஏ. கடைசி ஆண்டுக்குள் நுழைந்த கோடையில் தங்கை எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். நான் அதே தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைவிட அவள் கணிசமாகக் கூடுதலாக வாங்கியிருந்தாள். எவ்வளவு கூடுதல் என்பதை இந்த வயதிலும் எழுத மனம் வரவில்லை. அப்போதுதான் புதிதாக வந்திருந்த புகுமுக வகுப்பில், திருச்சிப் பெண்கள் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஜூன் மாத இறுதிக்குள் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். அந்த ஆண்டு என் கல்லூரியில் கட்டணத்தை உயர்த்தியிருந்தார்கள். வீட்டில் இருந்தது ஒருவருக்குத்தான் போதும்.

ஒரு வழி இருந்தது. என் கல்லூரி நிர்வாகம் ஏழை மாணவர் சிலருக்கு அரைக் கட்டணச் சலுகை அளித்து வந்தது. அது எனக்குக் கிடைத்தால் மீதியில் தங்கை சேர்ந்துவிடலாம். விண்ணப்பத்தோடு தாசில்தார் தரும் வருமானச் சான்று வேண்டும். சான்று தருமுன், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்பார்.

விண்ணப்பத்தை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கள் வறுமையை வருணிக்க நான் தேர்ந்தெடுத்த சொற்களில் நான்கின் பொருளை அகராதியில் பார்த்த பிறகுதான் நானே அறிந்துகொண்டேன். அப்பா அதை இருமுறை படித்துவிட்டு, எங்கள் நிலைமை இவ்வளவு கம்பீரமானது என்று தமக்கு இதுவரை தெரியாது என்றார்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் தெரிந்ததும் வீட்டில் ஒரு கலக்கம் உண்டாயிற்று. அரசாங்க மனிதர் ஒருவரை மாட்டுக் கொட்டில் வழியாக அழைத்துவந்து, அம்மாவின் ஈரப்புடவை காயும் கொடிக்கடியில் உட்கார வைப்பதா? வீட்டுச் சொந்தக்காரர் குடும்பத்தோடு காசி யாத்திரை போயிருந்தார். தினமும் விளக்கேற்றுவதற்காக முன்கட்டுச் சாவியை எங்களிடம் கொடுத்திருந்தார். முன்கூடத்தில் தேக்கு ஊஞ்சல், சாய்வு நாற்காலி, கண்ணாடி பீரோ, சுவரில் பெரிய ஊசல் கடிகாரம் எல்லாம் இருந்தன. இன்ஸ்பெக்டரை அங்கே உட்கார வைக்கலாம் என்ற யோசனை அப்பாவுடையது. கோர்ட்டு வாசலில் முப்பது ஆண்டுகள் நின்றவர் அவர். கிழிந்த சட்டையோடு வரும் கட்சிக்காரனை நீதிபதி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது அவருடைய அனுபவம்.

“மரியாதைப்பட்ட மனுஷா கேக்கறான்னு தெரிஞ்சாத்தான்டா கையெழுத்துப் போடுவான்” என்றார். “பிச்சைக்காரன் மாதிரி நின்னா, பிச்சைக்காரன்னு நெனச்சு விரட்டிடுவான்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. வறுமையைத் தாளில் எழுதியாயிற்று. அதை வீட்டிலும் ஒருமுறை காட்ட வேண்டுமா என்பது என் வாதம். மாணவர் மன்றத்தில் அந்த வாதத்துக்குப் பரிசே கிடைத்திருக்கும்.

தங்கை மட்டும் கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்த்தாள்.

“அண்ணா, நாம ஏழைன்னு அவருக்குத் தெரியணுமா, தெரியக் கூடாதா?”

“தெரியணும். ஆனா கௌரவமாத் தெரியணும்.”

“கௌரவமா எப்படித் தெரியும்? பேசாம நம்ம பின்கட்டுக்கே கூட்டிண்டு போயிடேன். பார்த்த உடனே கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடுவார். கொட்டில் நாத்தம் ஒண்ணு போறுமே.”

அம்மா அவளை அதட்டினாள். அதட்டிக்கொண்டே தன் கல்யாணத்து வெள்ளி டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தாள். பக்கத்து வீட்டில் புதிதாக வறுத்து அரைத்த காப்பிப் பொடி இரவல் வாங்கப்பட்டது. தங்கைக்கு அம்மாவின் அரக்குப் பட்டைச் சுற்றிவிட்டார்கள். கூடத்துக் கடிகாரம், சாவி கொடுக்க ஆள் இல்லாததால், என்றைக்கோ நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்துவிட்டவளும் தங்கைதான். முள்ளைத் திருப்பிச் சரியான நேரத்தில் நிறுத்தியாயிற்று. பத்தே முக்கால்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். நடுவயது, வெயிலில் கறுத்த முகம், கக்கத்தில் நாடா கட்டிய கோப்பு. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“வாங்கோ, வாங்கோ, ஊஞ்சல்ல உக்காருங்கோ” என்றார் அப்பா.

“இருக்கட்டுங்க. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிறேன்” என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “வீடு நல்லா விசாலமா இருக்குங்க. சொந்தமா?”

இந்தக் கேள்விக்கு விடை ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. அப்பா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. “நம்மளது என்ன இருக்கு? எல்லாம் பெருமாளோடது” என்றார், மேலே பார்த்துக் கைகூப்பி. ஸ்ரீரங்கத்தில் பெரிய சொத்துக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இன்ஸ்பெக்டரும் மரியாதையோடு தலையாட்டிக் கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டார். குடிக்கூலி வீடு என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் நான் கண்ணாடி பீரோவிலிருந்த சட்டப் புத்தகங்களுக்கு முன்னால், அவற்றைப் படித்தவனைப் போல நின்றுகொண்டிருந்தேன்.

தங்கை காப்பி கொண்டுவந்தாள். பட்டுப்புடவையையும் வெள்ளி டம்ளரையும் பார்த்த இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

“பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?”

அப்பாவுக்குச் சுருக்கென்றது. “இல்லை, இல்லை. அவளும் காலேஜ்ல சேரப் போறா. எடம் கெடைச்சாச்சு.”

“அப்படிங்களா! பையன், பொண்ணு ரெண்டு பேரும் காலேஜு. நல்ல மனசு வேணுங்க. என் வீட்டுல ஒண்ணையே பள்ளிக்கூடம் அனுப்ப முழி பிதுங்குது.” காப்பியை ருசித்துக் குடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தே முக்கால்தானா? பரவாயில்லை, நேரம் இருக்கு” என்று இன்னும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். எழுந்தபோதும் பத்தே முக்கால்தான். அவர் அதைக் கவனித்தாரோ, கவனித்தும் பெரிய மனிதர் வீட்டில் சொல்லக் கூடாது என்று விட்டாரோ, தெரியாது.

பத்து நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘வசதியான குடும்பம். மகன், மகள் இருவரையும் கல்லூரிக்கு அனுப்பும் நிலையில் உள்ளனர். சலுகை தேவையில்லை’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வரிகளைப் படித்ததும் வருத்தத்துக்கு முன்னால் என் மனத்தில் எழுந்தது பெருமை. அரசாங்கமே எங்களை வசதியான குடும்பம் என்று எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருந்தது. அப்பாவும் தாளை இருமுறை மடித்து, இருமுறை பிரித்துப் படித்தார். மறுநாள் உண்மையைச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று அம்மா சொன்னாள். கொடுத்தால், கூடம் எங்களுடையது அல்ல என்பதைத் தாலுகா ஆபீஸில் நின்று சொல்ல வேண்டும். அப்பா நாளை என்றார். நான் நாளை மறுநாள் என்றேன். ஜூன் முடிந்தது.

தங்கை அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி என் மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கல்லூரி திறந்த அன்று காலை, நான் புதிய வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டபோது, எனக்கு வழக்கம்போல் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

“போயிட்டு வாண்ணா. வசதியான குடும்பத்துலேர்ந்து ஒருத்தராவது பி.ஏ. ஆகட்டும்” என்றாள்.

அவள் பிறகு உபகாரச் சம்பளத்தோடு ஆசிரியப் பயிற்சி முடித்து ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆனாள். பக்கத்து வீதியில் வாழ்க்கைப்பட்டாள். நான் எம்.ஏ. முடித்து, கோட்டுப் போட்ட விரிவுரையாளன் ஆனேன். அதற்கு மறு ஆண்டு அப்பா காலமானார்.

அறுபதுகளின் நடுவில் திருச்சிப் பெரியவர்கள் சிலர் கூடி, கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு உதவ ஒரு குழு அமைத்தார்கள். கடலை எண்ணெய் வியாபாரி ஒருவர் தலைவர், மணப்பாறைப் பக்கத்து மனிதர், சுருக்கமாகப் பேசுவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் மாதாகோயிலுக்குப் போய்விட்டு நேரே கூட்டத்துக்கு வருவார். மூன்றாவது ஆள் நான். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்தது, விண்ணப்பங்களும் குவிந்தன. முதல் கூட்டத்திலேயே நான் நீண்ட உரை ஆற்றினேன். கட்ட முடிந்த குடும்பம் கட்டியே தீர வேண்டும். பொய்யான வறுமைக்குப் பொதுப்பணம் போகக் கூடாது. ஆகவே ஒவ்வொரு விண்ணப்பதாரரின் வீட்டையும் நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றேன். வியாபாரி, “அப்ப நீங்களே பாத்துட்டு வந்துருங்க” என்றார். இப்படியாக நான் இன்ஸ்பெக்டர் ஆனேன். அந்த ஒப்புமை அப்போது எனக்குத் தோன்றவேயில்லை என்றால் நம்புவது கடினம். தோன்றவில்லை.

உறையூரில் ஒரு நெசவாளியின் மகள் புகுமுக வகுப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் போய் இறங்கினேன். தறிக்குழி ஒரு பக்கம், எனக்காகப் போடப்பட்ட மடக்கு நாற்காலி மறுபக்கம். நெசவாளி கஞ்சி போட்ட சட்டை அணிந்து கைகட்டி நின்றார். என் நெற்றித் திருமண்ணைப் பார்த்து, தங்கள் டம்ளரில் எதையும் தராமல், கலர் சோடாவை என் கண்ணெதிரிலேயே உடைத்து நீட்டினார்கள். சுவரோரம் ஒரு முக்காலியின் மேல் பெட்டி போன்ற பெரிய ரேடியோ, பின்னல் துணி போர்த்தி, மிக்க மரியாதையோடு வீற்றிருந்தது. நான் இருந்த நேரம் முழுவதும் அந்தப் பெண் எனக்குப் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே நின்றாள். நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

“தறி எப்படி?” என்று கேட்டேன்.

“கடவுள் புண்ணியத்துல ஓடுதுங்க. ஒரு குறையும் இல்லைங்க” என்றார் நெசவாளி.

குறை இல்லை என்று அவரே சொன்ன பிறகு எழுத என்ன இருக்கிறது? அடுத்த கூட்டத்தில் என் அறிக்கையை வாசித்தேன். ‘ரேடியோ வைத்திருக்கும் குடும்பம். உதவி தேவையில்லை.’ மற்ற இருவரும் தலையாட்டினார்கள். விண்ணப்பம் தள்ளப்பட்டது.

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். உறையூர் கதையைச் சற்று விரித்தே சொன்னேன். ரேடியோவையும், அதன் பின்னல் துணியையும், என் கண்ணின் கூர்மையையும் வருணித்தேன். அவள் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டே கேட்டாள்.

“அவா ஆத்துல கரண்ட் இருந்துதா, அண்ணா?”

“இருக்காதா பின்னே? ரேடியோ வெச்சிருக்கா.”

“அப்புறம் ஏன் அந்தக் கொழந்தை விசிறிண்டு நின்னா?”

அந்த வீட்டின் கூரையை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஓலைக் கூரை. விளக்குக்கென்று ஓர் ஆணியில் அரிக்கேன் தொங்கியது. கம்பி எதுவும் இல்லை.

“அந்த ரேடியோவும் பத்தே முக்கால்லதான் நின்னுண்டிருக்கும்” என்றாள் தங்கை. சிவப்பு மையால் ஒரு தப்பைச் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.

மறுநாள் கல்லூரி விட்டதும் மீண்டும் உறையூர் போனேன். அந்த வீட்டுக்குள் நுழைய எனக்குத் துணிவில்லை. தெருமுனை டீக்கடையில் போய் நின்றேன். டீக்கடையில் டீ குடிப்பது என் வாழ்க்கையில் அதுவே முதல்முறை. கண்ணாடி டம்ளரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. கடையின் மேல்தட்டில் அதே ரேடியோ, பின்னல் துணி இல்லாமல், உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தது.

“நல்ல செட்டுப் போலிருக்கிறதே” என்றேன்.

“ஆமாங்க. ஒரு ஞாயித்துக்கெழமை மட்டும் ரெண்டு மணி நேரம் கடையில பாட்டே இல்லைங்க” என்றார் கடைக்காரர். “அந்தத் தறிக்காரரு பொண்ணைப் பாக்க யாரோ காலேஜு வாத்தியாரு வராருன்னு இரவல் வாங்கிட்டுப் போனாங்க. வெறும் வீட்டுல உக்கார வெச்சா அசிங்கமா நெனைப்பாராம். கரண்டு இல்லாத வீட்டுக்கு எதுக்குய்யா ரேடியோன்னு நானும் கேட்டேன். ‘சும்மா பார்வைக்கு’ங்கறாரு.”

“அந்த வாத்தியார் கண்டுபிடித்துவிட்டாரா?”

“அவரு எங்கங்க! ஒரு சோடாவைக் குடிச்சுட்டு, நல்ல ரேடியோன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். படிச்சவரு, பாவம்.”

டீக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்தேன். பஸ் நிறுத்தம் வரை போனவன், வந்த பஸ்ஸில் ஏறவில்லை. தள்ளப்பட்ட விண்ணப்பத்தை மீண்டும் எடுக்க வேண்டுமானால், ஏமாந்தேன் என்று குழுவில் சொல்ல வேண்டும். அதையாவது சொல்லலாம். உதவி கேட்கும் வீடு ஏன் வசதியைக் காட்டும் என்று வியாபாரி கேட்பார். அதற்கு விடை தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். பத்தாண்டுகளாக அந்தக் கேள்வி வராமல் என் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்திருந்தேன். இன்னொரு பக்கம், அந்தப் பெண் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு ஒரு வாரமே இருந்தது. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போட்டால் அது எப்படி முடியும் என்பது எனக்கு மனப்பாடம்.

அவசரக் கூட்டம் கேட்டேன். மூவரும் கூடினோம். நான் நேரே சொல்லியிருக்கலாம். “எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம்” என்று தொடங்கினேன். பூட்டிய கூடம், இரவல் காப்பிப் பொடி, நின்ற கடிகாரம், எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தப் பையனின் தகப்பனார்தான் அப்படி ஏற்பாடு செய்தார்” என்றும் சேர்த்தேன். தலைமையாசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வியாபாரி சிரிக்கவில்லை.

“அந்தப் பையன் படிச்சு முடிச்சானுங்களா?”

“முடித்தான்.”

“சலுகைதான் கெடைக்கலையே. கட்டணம் யாரு கட்டினாங்க?”

நான் மேசையைத் தட்டிப் பேசிய எந்த உரையிலும் இந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை. “அவன் தங்கை கட்டினாள்” என்றேன். “அவள் கல்லூரிக்குப் போகவில்லை.”

வியாபாரி என் கோட்டையும் திருமண்ணையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கோப்பை இழுத்து, என் அறிக்கையின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். “உறையூர்ப் பொண்ணுக்கு முழுக் கட்டணமும் நாமளே கட்டிருவோம். வாத்தியாரு, இனிமே வீடு பாக்கப் போறப்ப சொல்லாம போங்க” என்றார்.

அந்தப் பெண் புகுமுக வகுப்பில் சேர்ந்தாள். நான் அதைத் தங்கையிடம் போய்ச் சொன்னேன். குழுவில் என்ன பேசினேன் என்பதையும் சொன்னேன்.

“தெரிஞ்ச குடும்பமா!” என்றாள் அவள். “நல்ல பழக்கமோ அவாளோட?”

“கேலி பண்ணாதே. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்.”

“சொன்னே. அப்பா தலையில போட்டுட்டுச் சொன்னே. பாவம், அவர் இப்ப வந்து இல்லேன்னு சொல்லவா போறார்? முன்கட்டுச் சாவியை ஆணியிலேர்ந்து எடுத்துண்டு வந்து அவர் கையில குடுத்தது யாரு, அண்ணா? நாற்காலி மேல ஏறி முள்ளைத் திருப்பினது யாரு?”

நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இக்கட்டுரையின் முற்பகுதியில், கூடத்தைத் திறக்கும் யோசனை அப்பாவுடையது என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது உண்மை என்றே பட்டது. இத்தனை ஆண்டுகள் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அப்பா பின்கட்டைப் பெருக்கி ஒரு பாயைத்தான் விரித்து வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் ஒருவன் மாட்டுக் கொட்டிலின் பின்னால் குடியிருக்கிறான் என்று ஓர் அரசாங்க அதிகாரி எழுதி, அது என் கல்லூரி வரை போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. சாவியை எடுத்தவன் நான். கோர்ட்டு அனுபவத்தை நினைவூட்டி அப்பாவைச் சம்மதிக்க வைத்தவனும் நான். அந்தப் பாயை நானே சுருட்டி மூலையில் வைத்தேன்.